பூட்டன் ஆமொசும் என் பேரனின் பெயரும்

மெல்பேர்ண் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, நம்மோடு வாழும் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். டாக்டரைப் பற்றியும் எஞ்சினியரைப் பற்றியும் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் என் மருமகள் பெவர்லியைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைக்காரிதான், ஆனால் நல்ல பிள்ளை. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய பூட்டன் ஆமொசையும் இழுக்கத்தான் வேண்டும். செத்து எழுபது எண்பது வருடமான அந்த மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்க என்னை நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடிக்க விடவில்லை.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அடுத்த தெருக் கமலினி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஒரே ஒரு சொல்லை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அது என் வீட்டுக்காரரின் பெயர். எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பெயர் வரும் இடத்தில் நான் பேசாமல் இருப்பேன், கமலினி எழுதிக்கொள்வாள். அவர் பெயரின் தொடக்கம் வருகிறதென்று, சோற்றுக்கு உலையில் போடுகிற சாமானைக்கூட நான் கடையில் விரலால்தான் காட்டுவேன். கமலினி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

பெவர்லி பிறந்தது அமெரிக்காவில், சோளக் காடுகளுக்கு நடுவே. தகப்பனுக்குப் பன்றிப் பண்ணை. பன்னிரண்டு வயதில் தானே வளர்த்த பன்றியைச் சந்தைப் போட்டிக்குக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கினாளாம். அந்த ரிப்பனை இன்னும் வைத்திருக்கிறாள். படித்து ரீச்சரானாள். அந்த நேரம் மெல்பேர்ணில் பள்ளிக்கூடங்களுக்கு ஆள் போதாமல், பிளேன் காசும் கொடுத்து அமெரிக்காவிலிருந்து ரீச்சர்மாரைக் கூப்பிட்டார்கள். கடல் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லுவாள். அவளைப் போட்டது புட்ஸ்கிரேப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். முதல் கிழமையே பொடியன்கள் அவளுடைய கதிரையில் பசை பூசி வைத்தார்கள். அவள் எழும்பாமல் பின்நேரம் வரைக்கும் அதிலேயே இருந்து படிப்பித்தாளாம். அதற்குப் பிறகு ஒருவரும் அவளிடம் வாலாட்டவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எனக்கே அதில் கொஞ்சம் மரியாதை உண்டு.

என் மகன் சிறிதரன் அவளைச் சந்தித்தது காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில். அவள் மெசினுக்குள் மறந்துவிட்டுப்போன சிவப்புச் சட்டையைப் பார்க்காமல், இவன் தன் வேட்டியைப் போட்டுவிட்டான். வேட்டி ரோசாப்பூ நிறத்தில் வெளியே வந்தது. அவள் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டு, புதிதாக வாங்கித் தருகிறேன் என்று மெல்பேர்ண் முழுக்க வேட்டி தேடினாள். அந்தக் காலத்தில் இங்கே வேட்டிக்கு எங்கே போவது? கிடைக்காத வேட்டிக்காகச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இரண்டு பேரும் அலைந்து, கடைசியில் கலியாணப் பதிவுக் கந்தோரில் போய் நின்றார்கள். கறுப்பனைக் கட்டினாள் என்று தாய் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தகப்பன் முன்னமே இல்லை. தகப்பனின் தங்கை தெல்மா என்று ஒருத்தி மட்டும் இடைக்கிடை போன் எடுப்பாள்.

நான் வந்தது எழுபத்தாறாம் ஆண்டு ஏப்ரலில், பெவர்லியின் பிள்ளைப்பேறு பார்க்க. வந்த இரண்டாம் நாள் போன் அடித்தது. பெவர்லி எடுத்து, "மிஸிஸ் அரியரத்தினம்" என்றாள்.

நான் குசினியிலிருந்து ஓடி வந்தேன். "டேய் சிறி, என்னை ஏனடா கேக்கினம்?"

"உங்களை இல்லை அம்மா. அவ தன்ர பேரைச் சொல்லுறா."

"அது எப்பிடி அவளின்ர பேர்? அது என்ர எல்லோ!"

"இஞ்ச கலியாணம் கட்டினா புருஷன்ர கடைசிப் பேர்தான் பெண்சாதிக்கும். நீங்களும் மிஸிஸ் அரியரத்தினம், அவவும் மிஸிஸ் அரியரத்தினம்."

"ஒரு மனுஷனுக்கு ரெண்டு பெண்சாதியோ?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் கலியாண அழைப்பிதழில் அந்தப் பெயருக்கு முன்னால் திருமதி என்று எழுதி எனக்குத் தருவார்கள். நான் வாசிக்கமாட்டேன், ஆனால் அந்த எழுத்தின் வடிவம் எனக்குத் தெரியும், தடவிப் பார்ப்பேன். என் வாயால் சொல்லமுடியாத பெயரை இந்தப் பிள்ளை பால்காரனுக்கும் சொல்லுகிறாள், பள்ளிக்கூடத்துக்கும் சொல்லுகிறாள்.

சரி, அதை விழுங்கினேன். அடுத்தது ஆமொஸ்.

அந்த வருடம் அமெரிக்காவுக்கு இருநூறு வயதாம். அங்கே எல்லோரும் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள் என்று தெல்மா சொல்ல, இவளுக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்தது. தாய் கைவிட்ட பிள்ளை, சொந்தம் என்று யாரையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஹீற்றருக்கு மேலே, முன் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில், தாடி வைத்த ஒரு கிழவனின் படம் பெரிதாகத் தொங்கியது. வலது சட்டைக் கை மடித்து ஊசி குத்தியிருந்தது. உள்ளே கை இல்லை. என் வீட்டுக்காரரின் படம் என் சூட்கேசுக்குள் கிடந்தது. மாட்டுவோம் அம்மா, ஆணி வாங்கவேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தாடிக்காரனுக்கு மட்டும் ஆணி எங்கிருந்து வந்தது?

"ஆர் உது?"

"என்ர பூட்டன், மாமி," என்றாள் பெவர்லி. என் மகனிடம் படித்த தமிழ். கல்லுக் கல்லாக வரும், ஆனால் வரும். "ஆமொஸ் தோர்ண்டன். கவுண்டி கிளாக்."

கவுண்டி என்றால் நம்முடைய பகுதி, பிரிவு மாதிரி. கிளாக் என்றால் அங்கே பிறப்பு, இறப்பு, கலியாணம், காணி எல்லாம் பதிகிறவர். ஊராரே வோட்டுப் போட்டுத் தெரிவு செய்வார்களாம். உடையார் மாதிரி என்று மகன் சொன்னான். அந்த நாட்டு வடக்கும் தெற்கும் பிடித்த சண்டையில் வலது கை போனபிறகு, இடது கையால் எழுதப் பழகி, அந்த வேலைக்கு நின்று வென்றாராம். வோட்டுக் கேட்கக் குதிரையில் வீடு வீடாகப் போனாராம். இதைக் கண்டுபிடித்த அன்று பெவர்லி அப்பிள் வைத்து ஒரு பலகாரம் சுட்டாள். என் மகன் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

என் வீட்டுக்காரர் பஸ் கொண்டக்டர். இரண்டு கையும் இருந்தது. அந்த இரண்டு கையாலும் இவனைத் தூக்கி, படிக்கவைத்து, கப்பலேற்றி அனுப்பினார். அவருக்கு யார் பலகாரம் சுட்டார்கள்?

அவர் அறுபத்தொன்பதில் செத்தபோது இவனால் வரமுடியவில்லை. படிப்புச் சோதனை நேரம், காசும் இல்லை. அவருடைய தமையன் மகன்தான் கொள்ளி வைத்தான். அதைப் பற்றி நான் இவனிடம் ஒரு சொல் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்திருந்தேன். முதல் பேரனுக்கு அவர் பெயர். கொள்ளி வைக்க முடியாத மகன் பெயராவது வைக்கட்டும். அதற்காகத்தான் அந்தப் பிளேனில் ஏறினேன், குளிருக்குள் வந்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பெவர்லி வயிற்றைத் தடவிக்கொண்டு, "மாமி, பொடியன் எண்டா ஆமொஸ்," என்றாள்.

என் கையிலிருந்த சோறு கையிலேயே இருந்தது. மகனைப் பார்த்தேன். அவன் கருவாட்டுக் குழம்பைப் பார்த்தான்.

"உன்ர ஐயாவின்ர பேர்?" என்றேன்.

"அது இருக்குத்தானே அம்மா, கடைசியில. ஆமொஸ் அரியரத்தினம்."

"அப்ப அந்தப் பிள்ளைக்குத் தேப்பன் ஆர்?"

"நான்தான். வேற ஆர்?"

"பேரில அப்பிடி இல்லையே. எங்கட பேரோட சேந்து நிக்கிறது தேப்பன்ர பேரெல்லோ. உன்ர ஐயாவின்ர மோன் ஆமொஸ் எண்டு கிடக்குது. செத்து ஏழு வருஷமான மனுஷனுக்கு இப்ப பிள்ளை பிறந்ததோ? ஊரில என்னைப் பாத்துச் சிரியாங்களோ?"

"அம்மா, இஞ்ச அப்பிடிப் பாக்கிறேல்லை."

"நான் பாக்கிறன்!"

பெவர்லிக்கு இந்த வேகத்தில் தமிழ் பிடிபடாது. "என்ன சொல்லுறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இவன் என்ன சொன்னான் தெரியுமா? அம்மாவுக்குச் சந்தோஷமாம் என்று சொன்னான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். அவள் எழும்பி வந்து என் கன்னத்தில் கொஞ்சினாள். நான் பெற்றவன் அவ்வளவு கோழை.

அதற்குப் பிறகு தேடல் இன்னும் மும்முரமானது. ஆமொஸ் கிடைத்தாயிற்று, இனி ஆமொசின் தகப்பன் யார் என்று பார்க்கவேண்டுமாம். நகரத்துக்கு அப்பால் ஒரு தேவாலயத்தின் பின் அறையில், அமெரிக்காவின் பழைய பதிவுகளைப் படச்சுருளாக்கி வைத்திருந்தார்கள். மெசினுக்குள் போட்டுச் சுழற்றினால் வெளிச்சத்தில் எழுத்து ஓடும். மகனுக்கு வேலை. ஏழு மாத வயிற்றோடு அவளைத் தனியே ரெயினில் விட முடியுமா? பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நான்தான் கூடப் போவேன். இருட்டு அறையில் அவள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். நான் பக்கத்தில் இருந்து, ஆமொசின் தகப்பன் அகப்படக்கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். வேறென்ன செய்ய?

ஒரு நாள் திரும்பி வரும்போது ரெயினில் கேட்டாள், "மாமி, அரியரத்தினம் குடும்பம் எவ்வளவு பழசு? நூறு வருஷம்? இருநூறு?"

"உது அவரோட துடங்கி அவரோட முடிஞ்சுது," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். தோர்ண்டன் என்பது தகப்பனுக்கும் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் ஒரே மாதிரி வருகிற பெயர். அதுபோல நம்முடையதும் ஒரு குடும்பத்தின் பெயர், எப்போதோ யாரோ வைத்தது, அது எப்படியும் பிள்ளைக்கு வந்து சேரத்தானே போகிறது என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டு வருடமாகக் கட்டி வாழ்கிறவன் அதைத் திருத்தவில்லை. எனக்கும் அவள் அப்படி நினைக்கிறாள் என்று அப்போது தெரியாது. தெரிந்தே செய்கிறாள் என்று நினைத்தேன். அதனால் வயிற்றெரிச்சல் இரட்டிப்பாக இருந்தது.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெல்மா போன் எடுத்தாள். அங்கிருந்து பேசினால் காசு கரையும், ஆகவே இரண்டு பேரும் கத்திக் கத்தி வேகமாகப் பேசுவார்கள். அன்று பெவர்லி கத்தவில்லை. போனை வைத்துவிட்டு அதே இடத்தில் நின்றாள். தெல்மா அந்தக் கவுண்டிக்கே நேரில் போய் விசாரித்தாளாம். ஆமொஸ் குழந்தையாக இருக்கும்போதே ஏழைகளை வைத்துப் பார்க்கிற ஒரு விடுதியின் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தோர்ண்டன் என்பது அந்த விடுதியை நடத்தியவரின் பெயர். தகப்பன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் தகப்பன் பெயர் எழுதிக் கொடுத்தவருக்குத் தன் தகப்பன் பெயர் தெரியாது. தேட இனி ஒன்றும் இல்லை.

மகன் இதை எனக்குத் தமிழில் சொன்னான். பிள்ளையார் கேட்டுவிட்டார் என்று எனக்குள் ஒரு குளிர்மை. வாய் சும்மா இருக்குமா?

"தேப்பன் பேர் இல்லாத மனுஷன்ர பேரோ என்ர பேரனுக்கு?" என்றேன்.

இந்த முறை மெதுவாகத்தான் சொன்னேன். அது அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்து போயிற்று.

"மாமி, உங்கட அவர்? அவற்ற பேரை நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை. நான் கேட்டனான், நீங்கள் சொல்லேல்லை. நான் ஆமொஸ் பேர் ஒவ்வொரு நாளும் சொல்லுறன். ஆருக்கு அன்பு கூட?"

கமலினி, இதை அப்படியே எழுது. ஒன்றும் குறைக்காதே.

நான் எழும்பி நின்றுவிட்டேன். "அன்போ? எனக்கோ அன்பில்லை? அது வாயில வைச்சு எச்சில்படுத்திற பேரில்லையடி! உனக்குத்தான் அது ஊருக்குச் சொல்லுற பேர். அது குடும்பப் பேருமில்லை, கோத்திரப் பேருமில்லை. ஒரேயொரு மனுஷன்ர பேர். அவற்ற தாய் தேப்பன் அவருக்கெண்டு வைச்ச பேர். அவரோட அது போகக்கூடாதெண்டுதான் நான் இஞ்ச வந்தனான். உன்ர பால்காரன் கூப்பிடுறதுக்கில்லை!"

பெவர்லி மகனின் பக்கம் திரும்பினாள். முழுவதையும் மொழிபெயர்க்கச் சொன்னாள். இந்த முறை அவன் ஒளிக்கவில்லை.

"அது உன்ர அப்பாவின்ர முதல் பேரோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அவற்ற மட்டும்?"

"ஓம். என்ர பேர் சிறிதரன் மட்டும்தான். இஞ்ச வந்தபோது ஃபோமில முதல் பேர், கடைசிப் பேர் எண்டு ரெண்டு கேட்டாங்கள், கடைசிக்கு ஐயாவின்ர பேரைப் போட்டன்."

"அப்ப ரெண்டு வருஷமா நான் உன்ர அப்பாவின்ர மிஸிஸோ?"

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கச் சொன்னாலும் கேட்கமாட்டேன். அவளும் கேட்கவில்லை. பிறகு பல நாள் அந்த வீட்டில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் இரவுக்கு அவளுக்கு உள்ளி போட்டுப் பால் காய்ச்சி வைப்பேன், விடிய கோப்பை காலியாக இருக்கும்.

செப்டெம்பரில் பிள்ளை பிறந்தான். பொடியன். ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, பொதியை என் மடியில் வைத்தாள். அவளுக்குக் கதைக்கச் சக்தியில்லை, ஆனாலும் தமிழில்தான் கதைத்தாள்.

"மாமி, ஆமொசுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை. நான் தேடினன், தேடினன். ஒரு கதவு, பூட்டு. இவனுக்குப் பின்னால ஒராள் இருக்கிறார். ஆமொசுக்குக் கிடைக்காதது இவனுக்கு இருக்கட்டும். அவர் முதல். ஆமொஸ் நடுவில்."

அப்படித்தான் பதிந்தார்கள். அரியரத்தினம் ஆமொஸ் அரியரத்தினம். பதிகிற இடத்தில் இருந்த பெண், ஒரே பெயரை மறந்துபோய் இரண்டு முறை எழுதிவிட்டீர்களா என்று கேட்டாளாம். இல்லை, என் அம்மாவைப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும் என்று மகன் சொன்னானாம்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தோம். இங்கே கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. வீட்டிலேயே விளக்கேற்றி, மூத்த ஆள் பிள்ளையின் காதில் பெயரை மூன்று முறை சொல்லவேண்டும். மூத்த ஆள் நான்தான். பிள்ளையைக் கையில் தந்துவிட்டு எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பிள்ளையைப் பார்த்தேன். பிறகு மகனிடம் கொடுத்தேன். அவன் சொன்னான். சொல்லும்போது அவனுடைய குரல் உடைந்தது. எனக்கு அது போதும். வெற்றி என்னுடையது என்று அன்றைக்கு இரண்டு கரண்டி பாயாசம் கூடச் சாப்பிட்டேன்.

அந்த வெற்றி எவ்வளவு நாள் நின்றது என்று கேளுங்கள்.

பெவர்லி அந்தப் பெயரைச் சுருக்கி அரி என்றாள். அதை நாள் முழுக்கச் சொன்னாள். அரி என் தங்கம். அரி சிரிக்கிறான். அரி, வாயைத் திற. அரி, உன் காலைக் கடித்துத் தின்னட்டுமா? பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி, அந்தப் பெயரை மெதுவாகப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லுவாள். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன். கத்தி அதே இடத்தில் நிற்கும். கட்டியிருந்த காலம் முழுக்க அந்த மனிதரை நான் கூப்பிட்டது 'இஞ்சாருங்கோ' என்றுதான். ஒரு நாள், ஒரு பொழுது, அவருடைய காதுக்குள் அந்தப் பெயரை நான் அப்படிச் சொன்னதில்லை. இந்தப் பிள்ளை சோளக்காட்டிலிருந்து வந்து, எனக்கு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறாள். கிளினிக்கிலிருந்து வரும் நேர்சும் அரி என்கிறாள். பக்கத்து வீட்டுக் கிரேக்கக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து அரி என்கிறாள். என்னைத் தவிர மெல்பேர்ணில் உள்ள அத்தனை பொம்பிளைகளும் அவரைக் கூப்பிடுகிறார்கள். கேட்டு வாங்கினது நான். யாரிடம் போய் முறையிட?

கொஞ்சக் காலம் தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தேன், ராசா என்று பார்த்தேன். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. தனக்கு ஒரு பெயர் இருக்கிறதென்று தெரிந்துகொண்ட வயது. ஒரு நாள் நடக்கப் பழகியவன், கேற்றைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். எதிரே கார் வருகிறது. என் தொண்டைக்குள் எது வர வேண்டுமோ அது வரவில்லை. வந்தது வேறு.

"ஆமொஸ்!"

அவன் நின்றான். திரும்பிப் பார்த்தான். கார் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு அவன் ஆமொஸ்தான். இப்போது மூன்று வயது, பாட்டி கூப்பிட்டால் தான் ஆமொஸ் என்று அவனுக்குத் தெரியும். மாமி சொல்லித்தான் தன் பூட்டனின் பெயர் வீட்டில் ஒலிக்கிறது என்று பெவர்லி தெல்மாவுக்குப் போனில் சொல்லிச் சொல்லி மகிழுகிறாள். மகன் விடுவானா?

"என்னம்மா, அந்தப் பேரையோ கூப்பிடுறியள்? அவ்வளவு சண்டை பிடிச்சனீங்கள்."

"கூப்பிட்டா என்ன?" என்றேன். "அந்தாள் என்ர புருஷனோ?"